வாசகர் கேள்வி – பதில்: பட்டறை வாசல் வரை போய் வாருங்கள்

சேலத்தில் ஒரு கல்லூரியில் 31 ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அதனாலோ என்னவோ, கூடப் படித்தவர்களைப் பற்றிய கடிதங்கள் இந்தப் பகுதிக்கு நிறைய வருகின்றன. இந்த இதழுக்கு ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்கு மட்டும் இடம் அதிகம் பிடித்துவிட்டது. அதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

2015ல் சேலத்தில் இயந்திரவியல் முடித்தோம். மொத்தம் 58 பேர். கடைசித் தேர்வு முடிந்த அன்றே வாட்ஸ்அப் குழு தொடங்கினோம், நான்தான் நிர்வாகி. முதலில் நாளெல்லாம் பேச்சாக இருக்கும். இப்போது பிறந்தநாள் வாழ்த்தும் பொங்கல் படமும்தான். பத்தாண்டு நிறைவுக்கு ஏற்காட்டில் இரண்டு நாள் சந்திக்கலாம், தங்குமிடம் சாப்பாடு சேர்த்துத் தலைக்கு 6,500 ரூபாய் என்று அறிவித்தேன். 11 பேர் வருவதாகச் சொன்னார்கள். அன்றிரவே என் நெருங்கிய நண்பன் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான். இப்போது யார் வெளியேறினாலும் நிர்வாகிக்கு மட்டுமே அறிவிப்பு வருகிறது என்பதால் மற்றவர்கள் கவனிக்கவில்லை. நான்கு ஆண்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். நான் விடுதி மாணவன்; ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. போன் செய்தால் எடுப்பதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் அவன் அப்பாவின் கொலுசுப் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறான் என்று கேள்வி. என் மேல் அவனுக்கு என்ன கோபம்? இதை இப்படியே விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், பெங்களூரு

தம்பி, கோபம் என்ற சொல் உங்கள் கடிதத்தில் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. அதுவும் நீங்கள் போட்ட சொல். அவன் செய்ததாக நீங்கள் எழுதியிருக்கும் எதிலும் எனக்குக் கோபம் தென்படவில்லை. கோபித்துக்கொண்டவன் நாலு வார்த்தை எழுதிவிட்டுத்தான் வெளியேறுவான். உங்கள் நண்பன் தொகையை அறிவித்த அன்றிரவே சத்தமில்லாமல் எழுந்து போயிருக்கிறான். அப்படி எழுந்து போகிற பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். கல்விச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் வாரத்தில் அவர்களுக்குக் காய்ச்சல் வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் காய்ச்சலை நான் நம்பினேன். பிறகு பணம் கட்டாதவர்களின் பெயர்களை வகுப்பில் வாசிப்பதையே நிறுத்திவிட்டேன்.

வெள்ளியை உருக்கி, கம்பியாக இழுத்து, வளையம் வளையமாகக் கோத்து, பற்றவைத்து, மெருகேற்றி, ஒரு ஜோடி கொலுசு பல கை மாறித்தான் கடைக்குப் போகிறது. பல பட்டறைகளில் வெள்ளி வியாபாரி கொடுத்ததாக இருக்கும், பட்டறைக்காரருக்குக் கூலிதான். வேலை குறைந்த மாதத்தில் ஆட்களுக்குக் கொடுத்ததுபோக வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று செவ்வாய்ப்பேட்டையில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பணம் ஒரு காரணமாகவே இல்லாமலும் இருக்கலாம். பொறியியல் படித்துவிட்டு அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறோமே என்ற கூச்சமாக இருக்கலாம். குழுவில் இந்தப் பத்தாண்டாக வந்தவற்றை ஒருமுறை மேலே தள்ளிக்கொண்டே போய்ப் பாருங்கள். பதவி உயர்வு, புதுமனை புகுவிழா, கார் சாவி வாங்கும் படம். அவன் ஒரு படமாவது போட்டிருக்கிறானா?

என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1983ல் நாங்கள் 12 பெண்கள் பி.எஸ்சி. முடித்தோம். ஒருவர் வீட்டிலும் போன் கிடையாது. தொடர்பு விட்டுப்போகக் கூடாதென்று 200 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினோம். ஒருத்தி இரண்டு பக்கம் எழுதி அடுத்தவளுக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். சேலம், ராசிபுரம், நாமக்கல் என்று சுற்றி ஆண்டுக்கு ஒருமுறை நோட்டு கைக்குத் திரும்பும். மற்ற 11 பேர் எழுதியதையும் உட்கார்ந்து படிக்கும் அந்த ஓர் இரவு எனக்குப் பண்டிகை.

1988ல் நோட்டு மேட்டூரில் இருந்த தோழியிடம் நின்றுவிட்டது. ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். கார்டு போட்டேன், பதில் இல்லை. 'உனக்கு அக்கறை இல்லையென்றால் நோட்டையாவது அனுப்பிவிடு' என்று அடுத்த கார்டில் எழுதினேன். அந்த வரிக்காக இன்றும் வருந்துகிறேன். அதற்கும் பதில் இல்லாமல் போகவே, ஒரு சனிக்கிழமை ஓமலூர், மேச்சேரி வழியாகப் போகும் மேட்டூர் பஸ்ஸில் ஏறினேன்.

அவள் அடுப்படியில் முறம் வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, மறுபடி உட்கார்ந்துவிட்டாள். நானும் எதிரில் உட்கார்ந்து ஒரு கட்டைப் பிரித்தேன். வழிநெடுக நான் சேர்த்து வைத்திருந்த கேள்விகளில் ஒன்றைக்கூட அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க முடியவில்லை. இரண்டு கட்டு கீரையும் ஆய்ந்து முடித்த பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஆணியில் தொங்கிய மஞ்சள் பையை எடுத்தாள். நோட்டு அதற்குள் இருந்தது, ஈரம் படாமல் பாலித்தீனில் சுற்றி.

அவளுடைய பக்கத்தில் ஐந்து தேதிகள் இருந்தன. ஒன்றின் கீழ் ஒன்று. ஒவ்வொன்றையும் எழுதி, ஒரே கோட்டால் அடித்திருந்தாள். கீழே ஒரு சொல் இல்லை. முந்தைய பக்கங்களில் நாங்கள் எல்லோரும் எங்கள் குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தோம்: பல் முளைத்தது, நடை பழகியது, பள்ளியில் சேர்த்தது. அவளுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை தவறிப்போயிருந்தது. ஐந்து முறை எழுத உட்கார்ந்திருக்கிறாள். நானோ அவளை அக்கறை இல்லாதவள் என்று கார்டு போட்டிருக்கிறேன்.

தம்பி, அந்த ஐந்து தேதிகளை நான் மறந்ததே இல்லை. பதில் வராத ஒவ்வொருவருடைய கையிலும் அப்படி ஒரு பக்கம் இருக்கலாம் என்றே அன்றிலிருந்து நினைக்கிறேன். எங்கள் நோட்டு இன்றும் சுற்றுகிறது. நாங்கள் இப்போது பத்துப் பேர். இது நான்காவது நோட்டு.

ஆகவே விட்டுவிடாதீர்கள். இனி போன் செய்யவும் வேண்டாம். எடுக்காத போனை அடிக்க அடிக்க அவனுக்குத் திரும்பிப் பேசுவது இன்னும் கடினமாகும். அடுத்த முறை சேலம் வரும்போது நேரே அவன் வீட்டுக்குப் போங்கள். பட்டறைக்குப் போகும் முன் அவன் அம்மாவைப் பாருங்கள். அந்தக் கையால் நான்கு ஆண்டு சாப்பிட்டவர் நீங்கள். உங்களை யாரும் அழைக்க வேண்டியதில்லை. பழம் வாங்கிக்கொள்ளுங்கள். கார் இருந்தால் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். ஏற்காட்டுப் பேச்சை எடுக்காதீர்கள், ஏன் வெளியேறினாய் என்று கேட்காதீர்கள். பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். கம்பி எப்படி இழுக்கிறார்கள், எந்த வெப்பத்தில் பற்றவைக்கிறார்கள் என்று கேளுங்கள். நீங்கள் இருவரும் உலோகத்தைப் பற்றி நான்கு ஆண்டு படித்தவர்கள். அவனுக்கு உங்களைவிட இப்போது அதிகம் தெரியும்.

முன்பின் தெரியாத ஒருவர் நெருங்கிய நண்பராவதற்கு ஏறக்குறைய 200 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்று 2018ல் சொன்னது. நீங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் அதைப்போல எத்தனை மடங்கு கழித்திருப்பீர்கள்! முப்பது வயதுக்கு மேல், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில், வேறொருவரோடு அத்தனை மணி நேரம் உங்களுக்கு எங்கிருந்து கிடைக்கப்போகிறது?

கல்லூரியில் என்னோடு படித்த தோழிகளில் பாதிப் பேரை என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஆண்கள் எல்லோரும் குழுவில் இருக்கிறார்கள். ஒருத்தியின் எண் மட்டும் போன மாதம் கிடைத்தது. எட்டு ஆண்டுக்குப் பிறகு திடீரென்று அழைத்தால் என்ன நினைப்பாளோ என்று கை வரவில்லை.
– ஒரு வாசகி, ஆத்தூர்

உங்கள் தோழிகள் தொலைந்துபோனதற்குக் காரணம் மறதி அன்று, அம்மா. கல்யாணத்தோடு நம் பெண்களுக்கு ஊர் மாறுகிறது, போன் எண் மாறுகிறது, பலருக்குப் பெயருக்கு முன்னிருக்கும் இனிஷியலும் மாறுகிறது. 'எஸ்' என்று தேடினால் அவள் 'கே'யாக இருக்கிறாள். ஆணுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட மாற வேண்டியதில்லை. இது எனக்கு நெடுங்காலமாக ஆறாத வருத்தம். என் மாணவிகளில் தங்கப்பதக்கம் வாங்கிய ஒருத்தியைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கே நான்கு ஆண்டு ஆயிற்று.

தேடும் வழி பிறந்த வீடுதான். கணவன் வீட்டு முகவரி தெரியாவிட்டாலும், அவள் அம்மா வீடு இருந்த தெரு உங்களுக்கு நினைவிருக்கும். ஆடிக்கும் பொங்கலுக்கும் பெண்கள் அம்மா வீட்டுக்கு வருவார்கள். சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நாட்களில் அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை எங்கும் பிறந்த வீட்டுக்கு வந்த பெண்களாகவே இருப்பார்கள். அந்த வாரம் போய்க் கதவைத் தட்டுங்கள். உங்கள் எண்ணை ஒரு தாளில் எழுதி அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தத் தாளை அந்த அம்மா பத்திரமாக வைத்திருப்பார்.

கிடைத்த எண்ணுக்கு இன்றைக்கே அழையுங்கள். நெடுநாள் தொடர்பில்லாதவரை நாம் அழைத்தால் அவர் எவ்வளவு மகிழ்வார் என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம், எதிர்பாராத அழைப்பாக இருந்தால் அந்த மகிழ்ச்சி இன்னும் கூடுகிறது என்று அமெரிக்க உளவியல் ஆய்வு ஒன்று 2022ல் காட்டியது. ஒரு நேரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை எந்த வீட்டிலும் பெண்ணுக்குப் பேச நேரமில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, பதினொரு மணிக்கு அழையுங்கள். வேலைக்குப் போகிறவள் என்றால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு.

சென்ற ஆண்டு என் அப்பா இறந்தபோது வகுப்புக் குழுவில் சேதி போட்டேன். 43 பேர் 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதினார்கள். ஒருவர்கூட வரவில்லை. சேலத்திலேயே ஒன்பது பேர் இருக்கிறார்கள். இவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பது?
– ஒரு வாசகர், தாரமங்கலம்

உங்கள் வருத்தம் முழுக்க நியாயமானது. அதை விழுங்கிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். நம் ஊர்களில் இழவு சொல்ல ஆள் போவார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, அந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு நகர்வார். சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியாது, ஏனென்றால் சேதி உன் வாசலுக்கு வந்து உன்னைத் தேடிச் சொன்னது. குழுவில் போட்ட சேதி எல்லோருக்கும் போகிறது. அதில் யாருடைய பெயரும் இல்லை. ஒன்பது பேரும் மற்ற எட்டுப் பேர் போவார்கள் என்று நினைத்திருப்பார்கள். சரியென்று சொல்லவில்லை. அப்படித்தான் நடக்கிறது என்கிறேன்.

வள்ளுவர் நட்புக்கு ஓர் அதிகாரம் எழுதியவர், அதோடு நிற்காமல் பழைமை என்று 81ஆம் அதிகாரத்தைத் தனியே வைத்தார். நெடுநாள் பழகியவர்கள் நம் மனம் நோகும்படி ஒன்றைச் செய்துவிட்டால், அதை அறியாமை என்றோ மிகுந்த உரிமை என்றோ எடுத்துக்கொள் என்பது அதில் வரும் ஒரு குறளின் கருத்து. ஒன்பது பேரில் யார் வராதது உங்களை அதிகம் வருத்தியதோ அவர் ஒருவரிடம் மட்டும் போங்கள். 'நீ வருவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்' என்று நேருக்கு நேர் சொல்லுங்கள். அவருக்குச் சுருக்கென்று தைக்கும். தைக்கட்டும். வருட திதிக்கு அவரை உங்கள் வாயால் அழையுங்கள்.

வகுப்புத் தோழன் ஒருவன் குழுவில் உள்ள எல்லோரையும் ஏதோ ஒரு முதலீட்டுத் திட்டத்தில் சேரச் சொல்கிறான். மறுத்தால் நட்பு போய்விடுமோ?
– ஒரு வாசகர், ஓமலூர்

மறுத்துவிடுங்கள். ஆள் சேர்த்தால் பணம் என்கிற எந்தத் திட்டத்திலும் சேராதீர்கள். அவனிடம் தனியாகக் கேளுங்கள்: உனக்கு என்ன கஷ்டம்? உண்மையான கஷ்டம் இருந்தால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று உங்களால் கொடுக்க முடிந்த தொகையைக் கையில் கொடுங்கள்.

சேலத்தில் ஒன்றாகப் படித்த நாங்கள் 30 பேர் ஏற்காட்டில் கூடலாம் என்றிருக்கிறோம். எந்த மாதம் நல்லது? பெரிய விடுதி எடுப்பதா?
– ஒரு வாசகி, ஈரோடு

மே மாதம் வேண்டாம். கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் நாட்களில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை தாங்காது. ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்குக் குப்பனூர் வழி என்று வண்டிகளை மாற்றிவிடுவதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மூடுபனியும். தை, மாசி நல்லது: குளிர் இதமாக இருக்கும், தோட்டங்களில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள். கோடைமழை முதலில் விழுந்து சில நாளில், பங்குனி வாக்கில், காப்பிச் செடி பூத்து மலை முழுக்க மல்லிகை போல மணக்கும். அந்த நாளை முன்கூட்டிக் குறிக்க முடியாது என்பது ஒன்றுதான் குறை.

இரவு தங்கியே ஆக வேண்டுமா என்று யோசியுங்கள். இரவு தங்குவது என்றதும் கைக்குழந்தைக்காரிகளும், வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்களும், அனுமதி கேட்க வேண்டிய நிலையில் இருக்கும் பெண்களும் கழன்றுவிடுவார்கள். செலவும் மூன்று பங்காகும். ஏற்காடு சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். ஒரு பகல் போதும்.

சென்னைக்காரர்கள் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியலில் சேலம் ஜங்ஷனில் இறங்கிவிடலாம். எல்லோரும் சேலத்தில் ஓர் இடத்தில் சேர்ந்து, ஒரே பஸ்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஏறுங்கள். இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். அவரவர் காரில் போனால் மேலே போய்ச் சேர்வதற்குள்ளேயே கார் உள்ளவர், இல்லாதவர் என்று இரண்டாகிவிடுவீர்கள். ஒரே பஸ் என்றால் 20 கொண்டை ஊசி வளைவிலும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு போக வேண்டும். ஐந்தாவது வளைவுக்குள் கூச்சம் போய்விடும். கல்லூரிச் சுற்றுலாவில் யார் ஜன்னலோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தது என்ற பேச்சு தானாக வந்துவிடும்.

மேலே ஐந்து இடம் பார்க்க வேண்டும் என்று பட்டியல் போடாதீர்கள். ஏரிக்கரையில் உட்காருங்கள், சாப்பிடுங்கள். சாயங்காலம் லேடீஸ் சீட் காட்சிமுனைக்குப் போங்கள். அங்கிருந்து பார்த்தால் சேலம் முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும் நேரத்தில் உங்கள் கல்லூரி எந்தப் பக்கம் என்று எல்லோரும் கை நீட்டித் தேடுவீர்கள். இறங்கி வந்ததும், அந்தக் காலத்தில் நின்று தின்ற அதே கடையில் ஒரு தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காரட்டும் பீட்ரூட்டும் சட்னியும் வைத்துத் தரும் அதை வெளியூரில் இருப்பவர்கள் எத்தனை நாள் நினைத்து ஏங்கியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், என் மகளே வெளியூர்க்காரிதான்.

பத்தாண்டு சந்திப்புக்கு எங்கள் ஆசிரியர்களை அழைக்க நினைக்கிறோம். மேடை, சால்வை, நினைவுப் பரிசு எல்லாம் வேண்டுமா? எங்களை அவர்களுக்கு நினைவிருக்குமா?
– ஒரு வாசகி, சங்ககிரி

அழையுங்கள். சால்வை என் பீரோவில் அடுக்கடுக்காக இருக்கிறது. யாருடையது எது என்று தெரியவில்லை. ஆனால் ஒரு மாணவி கொண்டுவந்த பொருள் ஒன்று எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது.

படித்து முடித்துப் பத்தாண்டு கழித்து ஆறு பேர் அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி பையிலிருந்து தன் ஆய்வக நோட்டை எடுத்தாள். உப்புப் பகுப்பாய்வு. நைட்ரேட்டுக்கான பழுப்பு வளையச் சோதனையின் பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். அமிலத்தைக் குழாயின் சுவரோரமாக மெல்ல இறக்க வேண்டும். அவசரப்பட்டால் வளையம் நிற்காது, கலங்கிவிடும். அவளுக்கு அன்று மூன்று முறையும் கலங்கிவிட்டது. அழுதுவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து நான்காவது முறை இறக்கவைத்தேன். நோட்டின் ஓரத்தில் என் சிவப்பு மையில் 'கை நடுங்கவில்லை, நன்று' என்று இருந்தது. எழுதியது எனக்கு மறந்தே போயிருந்தது. அவள் இப்போது தன் மாணவர்களுக்கு அதே சோதனையைச் செய்துகாட்டுகிறாள்.

ஆகவே பரிசுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஆசிரியர்களை வீட்டிலிருந்து அழைத்துவந்து திரும்பக் கொண்டுபோய்விட ஒரு வண்டி வையுங்கள். பழைய நோட்டு, பழைய வருகைப் பட்டியல், எது கிடைத்தாலும் கொண்டுவாருங்கள். படி ஏறாத இடமாகப் பாருங்கள். மைக் வேண்டாம். ஒவ்வொருவராக அருகில் வந்து உட்கார்ந்து, 'என்னைத் தெரிகிறதா' என்று சோதிக்காமல், முதலில் பெயரைச் சொல்லுங்கள், பிறகு வருகை எண்ணைச் சொல்லுங்கள், பிறகு ஆய்வகத்தில் எந்த மேஜை என்று சொல்லுங்கள். மேஜையைச் சொன்னால் எங்களுக்கு முகம் வந்துவிடும்.